மோரா சமத்துக்கு 2 மாத்திரை முன்னதாக முடிந்துவிடுவது ஏன்?

மிருதங்கம் பயிலும் உங்கள் மகன், தாளச் சுற்று தொடங்கி 11 மாத்திரை (தாளத்தின் சிறு கால அலகு) கழித்து மோராவை (மூன்று முறை வந்து முடியும் சொற்கட்டை) வாசிக்கிறான், அது சமத்துக்கு (அடுத்த சுற்றின் முதல் தட்டுக்கு) 2 மாத்திரை முன்னதாக முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். 11 மாத்திரை கழித்து அல்ல, 13 மாத்திரை கழித்துத் தொடங்கச் சொல்லுங்கள். "ததிகிணதொம்" என்னும் 5 மாத்திரைச் சொல் மூன்று முறை வருவதால் 15. இடையிலுள்ள 2 மாத்திரைக் கார்வை (இடைவெளி) இரண்டே முறை வருவதால் 4. ஆக மோராவின் நீளம் 19. 8 எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், எண்ணிக்கைக்கு 4 மாத்திரை வரும் சதுஸ்ர நடையில், ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) 32 மாத்திரைகள். அதில் 19 போக மீதி 13.

உங்கள் மகன் கடைசிச் சொல்லுக்குப் பின்னும் ஒரு கார்வையைக் கூட்டி, 21 என்று கணக்கிட்டிருக்க வேண்டும். 2 மாத்திரை முன்னதாக முடிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தக் கூடுதல் கார்வையின் அளவேதான். இங்கே டர்பனில் என்னிடம் பயிலும் பிள்ளைகளின் நோட்டிலும், மூன்றாவது ததிகிணதொம்மின் பின்னால் கார்வையைக் குறிக்கும் சிறு கோட்டைப் பலமுறை அழித்திருக்கிறேன்.

மிருதங்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கையால் தாளம் போட்டபடியே சொற்கட்டை வாயால் சொல்லிப் பார்க்கட்டும். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல் ஆகியவை முடிந்து, நடுவிரலின் இரண்டாவது மாத்திரையில் முதல் "த" விழ வேண்டும்.

இது சம எடுப்புக்கு, அதாவது பாட்டு சமத்திலேயே தொடங்குவதற்கு, மட்டுமே பொருந்தும். காவடி விழாவில் அவன் வாசிக்கவிருக்கும் பாட்டின் எடுப்பு சமத்துக்குப் பின் 6 மாத்திரை தள்ளியிருந்தால், 13 + 6 = 19 மாத்திரை கழித்தே தொடங்க வேண்டும்.