வாசனை டப்பாவும் வற்றிய ட்ராப்பும்: நுகர்வோர் கேள்வி–பதில்

கேள்வி: குளியலறை நாற்றத்துக்காக வாசனைக் கட்டி, ஸ்பிரே, இப்போது தானாகவே தெளிக்கும் கருவி என்று மாதாமாதம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். எந்த நிறுவனத்தினுடையது நல்லது? (கோயம்புத்தூர்)

பதில்: எதுவும் வேண்டாம். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும் வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பழைய குளியலறையை இடித்துவிட்டு, ஷவருக்குத் தனியாகக் கண்ணாடித் தடுப்பு வைத்துப் புதுப்பித்தோம். அன்று முதல் காலையில் கதவைத் திறந்தாலே சாக்கடை நாற்றம் அடிக்கிறது. வேலை செய்த ஒப்பந்தக்காரர், "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார். (சென்னை)

பதில்: சரியாகாது. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். இரவு எல்லோரும் குளித்து முடித்த பிறகு, ஷவரின் அடியிலுள்ள ஜாலியின் மீது தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, தண்ணீர் நிரப்பிக் கட்டிய ஒரு பையை அதன்மேல் வைத்துவிடுங்கள். காலையில் நாற்றம் இல்லையென்றால் அது அந்தத் துளை வழியாகத்தான் வருகிறது. இருந்தால், கழிப்பறைக் கோப்பையின் அடிப்பகுதியையும், வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையையும் பாருங்கள். அந்த ஓட்டையை அடைக்காமல் விட்டுச் செல்வது பல பிளம்பர்களின் வழக்கம்.

துளைதான் காரணம் என்றால், ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். முடியும் சோப்புப் பிசுக்கும் சேர்ந்து கருப்பாக வழவழத்தால், கையுறை போட்டுக்கொண்டு அதை வெளியே எடுத்து, பிரஷ்ஷும் சோப்புத் தூளும் கொண்டு தேய்த்தாலே பாதி வழக்குகள் முடிந்துவிடும். உங்களுடையது புதிய குளியலறை என்பதால் என் சந்தேகம் வேறு. தரைக்கு அடியில், துளையையும் சாக்கடைக் குழாயையும் இணைக்கும் கிண்ணம் போன்ற நானி ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடையின் வாயு மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டுமே. அதன் ஆழம் 50 மில்லிமீட்டர் இருப்பது முறை. புதுப்பிக்கும்போது தரையில் இடம் போதவில்லை என்று ஆழமற்ற ட்ராப்பைப் பதிப்பதும், சில இடங்களில் ட்ராப்பே இல்லாமல் குழாயை நேராக இணைத்து, மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடுவதும் நடக்கின்றன.

இந்த இடத்தில் என் நெடுநாள் ஆற்றாமையைச் சொல்லியே ஆக வேண்டும். சானிட்டரி கடைக்குப் போகிறவர்கள், கண்ணுக்குத் தெரியும் ஜாலிக்கு ரோஸ் கோல்டா, கருப்பா என்று அரை நாள் விவாதிக்கிறார்கள். அதன் அடியில் புதைந்து, பல ஆண்டுகள் வீட்டைக் காக்கவேண்டிய ட்ராப்பை மட்டும் "பிளம்பர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார்கள். ஜாலி பிடிக்காவிட்டால் நாளைக்கே மாற்றலாம்; ட்ராப்பை மாற்ற வேண்டுமென்றால் தரையை உடைக்க வேண்டும். நானும் ஒருமுறை, கரப்பான்கூட ஏறாது என்ற உறுதிமொழியுடன் விற்கப்பட்ட பளபளப்பான ஜாலி ஒன்றை வாங்கினேன். அதனோடு வந்த கிண்ணத்தில் விரல் நுனி நனையும் அளவுக்கே தண்ணீர் நின்றது. கோடையில் வெளியூர் போய்த் திரும்பினால் அது வற்றி, வீடு முழுவதும் நாறியது. கரப்பான்களும் வந்தன.

ஒப்பந்தக்காரரிடம் எந்த வகை ட்ராப் பதிக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள்; வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அவர் மழுப்பினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக் குறைபாடு என்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். தவறு உங்களுடையது அல்ல, கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: ஷவரில் வெந்நீர் திறந்தால் மட்டும் அழுகிய முட்டை நாற்றம். போர் தண்ணீர்தான் பயன்படுத்துகிறோம். கடைக்காரர் கீசரையே மாற்றச் சொல்கிறார். (திருச்சி)

பதில்: மாற்றாதீர்கள். வெந்நீரையும் தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் பிடித்து, குளியலறைக்கு வெளியே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். இரண்டும் நாறினால் பிரச்சினை போரிலோ மேல்நிலைத் தொட்டியிலோ இருக்கிறது. தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவதிலிருந்து தொடங்குங்கள். வெந்நீர் மட்டும் நாறினால், கீசர் தொட்டி துருப்பிடிக்காமல் இருப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியம் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரிலுள்ள சல்பேட்டை, சில பாக்டீரியாக்கள் அந்தக் கம்பியின் துணையோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. முட்டை நாற்றம் அதனுடையது. சர்வீஸ் ஆளை அழைத்துத் தொட்டியைச் சுத்தம் செய்து, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கம்பியைப் போடச் சொல்லுங்கள். கீசரை 60 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் ஓடவிடுவதும் உதவும், ஆனால் அந்த நீரை அப்படியே மேலே ஊற்றிக்கொள்ளக் கூடாது. கம்பியே வேண்டாம் என்று கழற்றி எறிபவரை வீட்டுக்குள் விடாதீர்கள். கம்பி இல்லாத தொட்டி விரைவில் ஓட்டையாகும்.

கேள்வி: ஷவர் துளையில் ஆசிட் ஊற்றினேன். நாற்றம் போகாததால் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் கொட்டினேன். மூச்சு முட்டி வெளியே ஓடிவந்தேன். போலியான பவுடரை விற்ற கடைக்காரர் மீது வழக்குப் போட முடியுமா? (சேலம்)

பதில்: பவுடர் போலியாக இருந்திருந்தால் உங்களுக்கு மூச்சு முட்டியிருக்காது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்டது அதுதான். புட்டியின் மீது அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் ஊற்றிவிட்டு, வழக்கு யார் மீது என்று என்னிடம் கேட்கிறீர்கள். இருமலோ நெஞ்சு இறுக்கமோ இன்னும் இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். இனி ஆசிட்டே வேண்டாம். அது டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டை அரித்துவிட, அங்கே அழுக்கு நீர் தங்கி மறுபடியும் நாறும்.

கேள்வி: புது அடுக்ககத்தில் முதல் மாடியில் வாங்கியிருக்கிறோம். மேல் வீட்டில் ஃபிளஷ் இழுத்தால் எங்கள் ஷவர் துளையில் 'கடகட' என்று சத்தம் வந்து, பிறகு நாற்றம் வருகிறது. கட்டுநர், "நீங்கள் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை" என்று என் மனைவியிடம் சொன்னார். (மதுரை)

பதில்: உங்கள் மனைவியிடம் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தச் சத்தம், பொதுக் குழாயில் நீர் விழும்போது உங்கள் ட்ராப்பிலுள்ள தண்ணீர் உறிஞ்சப்படுவதன் சத்தம். மொட்டைமாடி வரை போகவேண்டிய வென்ட் பைப் (காற்று போய்வரும் குழாய்) இல்லை, அல்லது அடைபட்டிருக்கிறது, அல்லது அளவில் சிறியது. நீங்கள் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இது தீராது. வீட்டுத் திட்டம் ரெரா என்னும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானது என்றால், 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும், தவறினால் இழப்பீடு கேட்கலாம். வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, புகாரை எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் குடித்தனக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: துளைக்குள் பொருத்தும் சிலிகோன் அடைப்பான் வாங்கினேன். அளவு சேரவில்லை. பில்லும் தரவில்லை, திரும்ப எடுக்கவும் மறுக்கிறார்கள். (ஈரோடு)

பதில்: பில் தராதது சட்டப்படியே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ஆனால் உங்கள் பொருளில் குறை இல்லை. நீங்கள் துளையை அளக்காமல் போயிருக்கிறீர்கள். பில்லுக்காகச் சண்டை போடுங்கள், அடைப்பானுக்காக வேண்டாம். அதன் இதழில் முடி சிக்கினால் மூடாமல் நின்றுவிடும். என் மேசை இழுப்பறையிலும் ஒன்று சும்மா கிடக்கிறது.

கேள்வி: ட்ராப், குழாய், தொட்டி எல்லாம் பார்த்தாயிற்று. குளித்து முடித்துத் துடைத்த பிறகும் நாற்றம் மட்டும் போகவில்லை. (நாகர்கோவில்)

பதில்: துண்டை வெயிலில் காயப் போடுங்கள். புதுத் துண்டு வாங்க வேண்டாம்.