வாசகர் கேள்வி – பதில்: பக்கத்துல பறக்கிறது யாருன்னு காட்டுற பெட்டி

கேள்வி: பாரிஸ்ல இருக்கிற மாமா லீவுக்கு வந்தப்போ, சுத்தி பறக்கிற விமானங்களை ஐபேட்ல காட்டுற சின்ன பெட்டி ஒன்னு வாங்கிட்டு வந்தாரு. நான் செஸ்னா 172-ல சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) டிரெய்னிங்ல இருக்கேன். இதை எப்படி செட் பண்றது? கூட படிக்கிறவங்க ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. – பயிற்சி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

தம்பி, பெட்டியை ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒன்னு பாருங்க, அது கேட்க மட்டும் செய்யுதா, இல்ல அனுப்பவும் செய்யுதா? ஐரோப்பாவுல விக்கிற ஸ்கைஎக்கோ மாதிரி பெட்டிகள் ரெண்டையும் செய்யும். சுத்தி இருக்கிற சிக்னலைக் கேட்கும், நம்ம இடத்தையும் உயரத்தையும் வெளிய அனுப்பும். பிரிட்டன்ல அதுக்குன்னு தனி விதி போட்டு அனுமதிச்சிருக்காங்க. நம்ம நாட்டுல வைஃபை மாதிரி விலக்கு கொடுத்ததைத் தவிர ரேடியோ அனுப்புற எதுக்கும் லைசென்ஸ் வேணும், அதுவும் விமானத்துக்குள்ளன்னா விமானத்துறையைக் கண்காணிக்கிற டிஜிசிஏ-வோட விதியும் சேர்ந்து வரும். அதனால செட்டிங்ல போய் அனுப்புறதை ஆஃப் பண்ணிடுங்க. ஆஃப் பண்ண பிறகும் உங்க சீஃப் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட பெட்டியைக் காட்டி, அவர் சரின்னு சொன்னாதான் காக்பிட்டுக்குள்ள கொண்டுபோங்க. இதுல வெட்கப்பட எதுவுமே இல்ல, விமானம் ஸ்கூலோடது.

இப்போ அது என்ன கேட்குதுன்னு தெரிஞ்சுக்கங்க, அது தெரிஞ்சா செட் பண்றதுல பாதி வேலை முடிஞ்சுது. ஏடிஎஸ்-பி இருக்கிற விமானம் ஜிபிஎஸ்ல தன்னோட இடத்தைத் தானே கண்டுபிடிச்சு, 1090 மெகாஹெர்ட்ஸ்ல வினாடிக்கு ரெண்டு தடவை சொல்லிக்கிட்டே போகும். உங்க பெட்டி அதை ஒட்டுக்கேட்குது, அவ்வளவுதான். அது யாரையும் கூப்பிட்டுக் கேட்காது. பழைய டிரான்ஸ்பாண்டர் (ரேடார் கேட்டா ரேடியோவுல தானா பதில் சொல்ற கருவி) இருக்கிற விமானம் உயரத்தை மட்டும் சொல்லும், எங்க இருக்குன்னு சொல்லாது. சில பெட்டிகள் சிக்னலோட பலத்தை வச்சு "பக்கத்துல யாரோ இருக்காங்க"ன்னு உங்களைச் சுத்தி ஒரு வட்டம் மட்டும் போடும், திசை காட்டாது. டிரான்ஸ்பாண்டரே இல்லாதவன், ஆஃப்ல வச்சிருக்கிறவன் ரெண்டு பேரும் திரையில வரவே மாட்டாங்க. அமெரிக்காவுல தரையில இருக்கிற ஸ்டேஷன் ரேடார்ல பார்த்த விமானங்களையும் பைலட்டுக்குத் திருப்பி அனுப்புது, அங்க 978-ன்னு இன்னொரு அலைவரிசையும் இருக்கு. யூடியூப்ல பாக்கிற வீடியோ முக்கால்வாசி அவங்களோடது. அதைப் பார்த்துட்டு இங்க எல்லாரும் திரையில தெரிவாங்கன்னு நினைச்சுடாதீங்க, உங்க பெட்டியில அலைவரிசை தேர்ந்தெடுக்கச் சொன்னா 1090-ஐ வைங்க.

அடுத்தது எங்க வைக்கிறது. இந்த சிக்னல் நேர்கோட்டுல வரும், நடுவுல உலோகம் வந்தா தடுக்கும், உங்க உடம்பு கூட தடுக்கும். சீட்டுக்குப் பின்னாடி பையில போட்டு வச்சிட்டு "ஒன்னுமே காட்டல"ன்னு சொல்றவங்க நிறைய பேர். ஆன்டெனா நேரா நிக்கிற மாதிரி பக்கத்து ஜன்னல்ல சக்ஷன் கப் போட்டு ஒட்டுங்க. செஸ்னாவுக்கு ரெக்கை தலைக்கு மேல, அதனால மேல இருக்கிறவனை அது மறைக்கும், பைப்பர் மாதிரி கீழ ரெக்கை இருந்தா கீழ இருக்கிறவன் மறைஞ்சு போவான். எங்க வச்சாலும் ஏதோ ஒரு பக்கம் காது கேட்காது, அந்தப் பக்கம் எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு அங்க கண்ணால கூடுதலா பாருங்க. ஜன்னலைத் துடைக்க வீட்டுக் கண்ணாடிக்கு அடிக்கிற அமோனியா ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், விமான ஜன்னல் அக்ரிலிக் பிளாஸ்டிக், பொடிப்பொடியா விரிசல் விட்டுடும். அப்புறம் காம்பஸ். பெட்டியை வச்சும் எடுத்தும் பாருங்க, காம்பஸ் அசைஞ்சா வேற இடம் தேடுங்க. ஐபேட் கவர்ல இருக்கிற காந்தத்தை யாரும் கணக்குலயே எடுத்துக்கிறதில்ல, அதையும் பாருங்க. கேபிள் யோக் (விமானத்தை ஓட்டுற கைப்பிடி) மேல வரக்கூடாது, கழண்டு விழுந்தா காலால மிதிக்கிற ரட்டர் பெடல் பக்கம் உருளுற மாதிரி எதுவும் இருக்கக்கூடாது.

வைஃபை வேலையை ஹேங்கருக்கு வெளிய, இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. தகரக் கூரைக்கு அடியில ஜிபிஎஸ் பிடிக்காது. பெட்டி தானே ஒரு வைஃபை போடும், ஐபேட் அதுல சேரணும். சேர்ந்ததும் "இன்டர்நெட் இல்ல"ன்னு சொல்லும், அது சரிதான், விட்டுடுங்க. ஆண்ட்ராய்டா இருந்தா தானா மொபைல் டேட்டாவுக்குத் தாவுற ஆப்ஷனை அணைச்சு வைங்க. ஐபேடா இருந்தா, உங்க மேப் ஆப்புக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி கொடுத்திருக்கான்னு செட்டிங்ஸ்ல பாருங்க, முதல் தடவை கேட்டப்போ வேண்டாம்னு அழுத்தியிருந்தா வைஃபை கனெக்ட் ஆகியிருக்கும், ஆனா ஆப்புக்குள்ள ஒன்னும் வராது, பெட்டி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவீங்க. ஸ்ட்ராடக்ஸ்னு ராஸ்பெர்ரி பை-ல தானே செய்ற பெட்டி வச்சிருக்கிறவங்க பிரவுசர்ல 192.168.10.1 அடிச்சா எத்தனை சாட்டிலைட், எத்தனை மெசேஜ் வருதுன்னு பாக்கலாம், ஸ்கைஎக்கோவுக்கு 192.168.4.1. இதையெல்லாம் ரன்வே ஓரத்துல நின்னுக்கிட்டு பண்ணாதீங்க, அவசரத்துல அண்டாக்குள்ள கை போகாது.

மேல போனதும் திரையில ஒரு விமானத்துக்குப் பக்கத்துல +05-ன்னு இருந்தா உங்களைவிட 500 அடி மேல, -03 இருந்தா 300 அடி கீழ, அம்புக்குறி இருந்தா ஏறுது இல்ல இறங்குது. அந்த உயரம் எல்லாருக்கும் பொதுவான 1013 ஹெக்டோபாஸ்கல் காத்தழுத்தத்தை வச்சு வர்ற அழுத்த உயரம், நீங்க ஆல்டிமீட்டர்ல செட் பண்ணின கியூஎன்எச்-ல (அந்த ஊரோட அன்னிக்கு இருக்கிற கடல்மட்ட அழுத்தம்) வர்றது இல்ல. பெட்டி தன்னோட சென்சார்ல அதே கணக்குல உங்க உயரத்தை எடுத்துத்தான் வித்தியாசத்தைப் போடும், அதனால வித்தியாசத்தை மட்டும் பாருங்க. கேபின் காத்துத் துவாரம் திறந்திருந்தாலே சென்சார் கொஞ்சம் மாறும், அதனால +01-ன்னு இருந்தா அதை 100 அடி இடைவெளின்னு எடுத்துக்காதீங்க, அதே உயரம்னு எடுத்துக்கங்க.

இன்னொன்னு, இதை யாரும் சொல்லித்தர்றதில்ல. மேப்பை டிராக்-அப்ல வச்சா திரையில மேல இருக்கிறது நீங்க போற பாதை, உங்க மூக்கு பாக்கிற திசை இல்ல. சாயங்காலம் கடல்காத்து அடிக்கிற நேரத்துல புதுச்சேரியில இருந்து கடலூர் பக்கம் கரையோரமா தெற்கே வர்றீங்க, 90 நாட் வேகம், இடது பக்கத்துல இருந்து 15 நாட் காத்து. பாதையில நிக்க மூக்கை 10 டிகிரி கடல் பக்கம் திருப்பி வச்சிருப்பீங்க. திரையில நேர் எதிர்ல காட்டுற விமானம் கண்ணாடி வழியா பார்த்தா மூக்குக்கு வலது பக்கம் இருக்கும், ஒரு நாட்டிக்கல் மைல் தூரத்துல இது 300 மீட்டருக்கு மேல தள்ளி. நேரா வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா கிடைக்கவே கிடைக்காது.

உயர ஃபில்டரை மேல கீழ சில ஆயிரம் அடிக்குள்ள வைங்க, இல்லாட்டி 35,000 அடியில சென்னையில இருந்து சிங்கப்பூர் போறவன் எல்லாம் திரையில வந்து நிப்பான். முடிஞ்சா எச்சரிக்கை சத்தத்தை ப்ளூடூத்ல ஹெட்செட்டுக்குக் கொண்டுவாங்க. கண்ணு வெளிய இருக்கணும், காது திரையைப் பாத்துக்கட்டும். 100 நாட்ல நேருக்கு நேர் வர்ற ரெண்டு பேருக்கு நடுவுல 3 நாட்டிக்கல் மைல் இருந்தா முட்ட 54 வினாடிதான். பார்த்து, புரிஞ்சு, திருப்பி, விமானம் திரும்புறதுக்கே 12.5 வினாடி ஆகும்னு அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ கணக்கு போட்டிருக்கு. மிச்ச நேரத்தை ஐபேட்ல விரல் வச்சு ஜூம் பண்றதுக்கு செலவழிக்காதீங்க.

கேள்வி: நண்பரோட சின்ன விமானத்துல கூடப் போறப்போ என் டேப்லெட்ல ஒரு விமானம் எங்க மேலேயே ஒட்டிக்கிட்டு வருது, +00-ன்னு காட்டி கத்திக்கிட்டே இருக்கு. இதை எப்படி நிறுத்துறது? – வாசகர், நெய்வேலி

அது நீங்களேதான் சார். உங்க விமானத்தோட டிரான்ஸ்பாண்டர் அனுப்புறதை உங்க பெட்டியே கேட்டு, வேற யாரோன்னு நினைச்சுக்குது. ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட்ல ஒரு அடையாள எண் இருக்கு, ஆறு எழுத்தா எழுதுவாங்க, இந்திய விமானங்களுக்கு அது 800000-ல இருந்து 83FFFF-க்குள்ள வரும். விமானத்தோட பேப்பர்லயோ டிரான்ஸ்பாண்டர் செட்டப் பக்கத்துலயோ இருக்கும். அதை ஆப்புலயும் பெட்டியிலயும் சொந்த விமானம்னு போட்டா அந்த நிழல் போயிடும்.

ஆனா இங்கதான் எனக்கு ரொம்ப பயம். பல விமானங்கள்ல மாறி மாறி பறக்கிறவங்க, குறிப்பா ஸ்கூல் பசங்க, தயவுசெஞ்சு கேளுங்க. நேத்து ஒரு விமானத்துல போனீங்க, அதோட எண்ணைப் போட்டீங்க. இன்னிக்கு வேற விமானம், எண்ணை மாத்தல. நேத்து நீங்க ஓட்டின விமானத்தை இப்போ வேற ஒருத்தர் அதே சர்க்யூட்ல (ரன்வேயைச் சுத்தி வர்ற பாதையில) ஓட்டிக்கிட்டு இருக்காரு. உங்க ஆப் அது நீங்கதான்னு நினைச்சு அவரை அழிச்சிடும். பக்கத்துல இருக்க அதிக வாய்ப்பு இருக்கிற ஒரே விமானம், அது ஒன்னு மட்டும் திரையில இருக்காது. செக்லிஸ்ட்ல ஒரு வரியா பென்சில்ல எழுதிக்கங்க: எண் மாத்தியாச்சா. மாத்த மறந்துடுவோம்னு தோணுச்சுன்னா எதுவும் போடாம அந்த நிழலோடவே பறங்க, அந்தத் தொல்லை பரவாயில்ல.

கேள்வி: இதுக்கு எதுக்கு காசு? போன்ல விமானம் பாக்கிற ஆப் இலவசமா இருக்கே. – கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

தரையில நின்னு "தலைக்கு மேல போறது எந்த ஊரு ஃப்ளைட்"டுன்னு பாக்க அது அருமையான ஆப். பறக்கிறப்போ அதை நம்பவே கூடாது. அந்தத் தகவல் யாரோ ஒருத்தர் மொட்டைமாடியில வச்சிருக்கிற ரிசீவர்ல இருந்து இன்டர்நெட் வழியா சர்வருக்குப் போய் உங்க போனுக்கு வருது, நடுவுல தாமதம் இருக்கு. தாழப் பறக்கிற சின்ன விமானத்தோட சிக்னல் எட்டுற தூரத்துல ரிசீவர் இல்லாட்டி அது வரவே வராது. மேல டவர் சிக்னல் போச்சுன்னா மேப் அப்படியே உறைஞ்சு நிக்கும், நின்னது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு ஆர்வம் இருந்தா யுஎஸ்பி டிவி டாங்கிள் மாதிரி விக்கிற ஆர்டிஎல்-எஸ்டிஆர் ஒன்னு வாங்கி லேப்டாப்ல போட்டு மாடியில 1090 கேட்டுப் பாருங்க, இந்த விஷயம் எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சா வராத அளவுக்குப் புரியும். கால் அலைநீள ஆன்டெனா ஏழு சென்டிமீட்டர்கிட்டதான், கம்பியை வெட்டி நீங்களே செஞ்சுக்கலாம்.

கேள்வி: என் மகள் பைலட் டிரெய்னிங் சேர்ந்திருக்கா. ரெண்டு விமானம் வானத்துல மோதின செய்தி படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. கடன் வாங்கியாவது இந்தக் கருவியை வாங்கிக் கொடுக்கணுமா? – ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

அம்மா, கடன் வாங்காதீங்க. உங்க பயம் நியாயமானது, அதை நான் சின்னதா பேச மாட்டேன். 1996 நவம்பர் 12-ல ஹரியானாவுல சர்க்கி தாத்ரிக்கு மேல சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் டிகாஸ்ங்கிற மோதல் தடுப்புக் கருவியை இங்க கட்டாயமாக்கினாங்க. அது பக்கத்து விமானத்தோட டிரான்ஸ்பாண்டரைத் தானே கூப்பிட்டுக் கேட்டு, ஏறு, இறங்குன்னு பைலட்டுக்குச் சொல்லும். பயிற்சி விமானத்துல அது இருக்காது. உங்க மகளைக் காக்கிறது ரேடியோவுல எங்க இருக்கேன்னு ஒழுங்கா சொல்றதும், டவர்ல இருக்கிறவங்க சொல்றதைக் கேட்கிறதும், தலையைத் திருப்பித் திருப்பி வெளிய பாக்கிறதும்தான். ஜன்னல்ல ஒரே இடத்துல அசையாம நின்னு பெருசாகிக்கிட்டே வர்ற புள்ளிதான் முட்டப்போறது, நகர்ற புள்ளி தாண்டிப் போயிடும், இதை முதல் மாசத்துலயே சொல்லித்தருவாங்க.

நீங்க ஸ்கூல்ல ரெண்டு கேள்வி கேளுங்க. எல்லா விமானத்துலயும் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யுதா, தரையை விட்டுக் கிளம்பினதுல இருந்து ஆன்ல இருக்கா? மத்த விமானங்களைக் காட்டுற வசதி ஏற்கெனவே பேனல்ல இருக்கா? புதுசா வந்த சில செஸ்னாவுல அது உள்ளேயே வருது. கேட்க மட்டும் செய்ற பெட்டியை உங்க மகள் வச்சிருந்தா அவ மத்தவங்களைப் பாப்பா, அவங்களுக்கு அவ தெரிய மாட்டா. அவ தெரியணும்னா டிரான்ஸ்பாண்டர்தான் வேணும். அதனாலதான் அந்த முதல் கேள்வியை அழுத்திக் கேளுங்கம்மா.

கேள்வி: ட்ரோன், பறவை எல்லாம் இதுல தெரியுமா? – வாசகர், பாகூர்

தெரியாது. ஊசுட்டேரி பக்கம் வலசைப் பறவை வர்ற மாசங்கள்ல கண்ணுதான் வேணும். கல்யாண வீட்டுல படம் எடுக்கிற ட்ரோனும் இதுல வராது. ராணுவ விமானங்களும் தேவைப்பட்டா தங்களைக் காட்டிக்காம பறப்பாங்க.

கேள்வி: மதியத்துல ஐபேட் சூடாகி அணைஞ்சு போகுது, பெட்டியும் சேர்ந்து நின்னுடுது. என்ன பண்ண? – பயிற்சி மாணவி, புதுச்சேரி

ஐபேட் 35 டிகிரி வரைக்கும்தான்னு ஆப்பிளே சொல்லியிருக்கு, சித்திரை வெயில்ல மூடின காக்பிட் அதைத் தாண்டி எங்கேயோ போயிடும். விமானத்துக்குள்ள விட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க, கையோட கொண்டுபோங்க. கவரைக் கழட்டிடுங்க, காத்துத் துவாரத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க, பறக்கிறப்போ சார்ஜ் போட்டா இன்னும் சூடாகும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே நிழல்ல முழுசா ஏத்திக்கங்க. பெட்டிக்கு மேல வெள்ளைத் துணி போட்டா வெயில் படாது, சிக்னலையும் துணி தடுக்காது, அலுமினிய ஃபாயில் ஷேட் மட்டும் போட்டுடாதீங்க, மொத்தமா மறைச்சிடும். அப்படியும் நடுவழியில அணைஞ்சா அதைச் சரிபண்ணக் கையை நீட்டாதீங்கம்மா, அப்படியே விட்டுட்டு வெளிய பாத்து ஓட்டிட்டு வந்து இறங்குங்க.