பயாலஜி சோறு போடுமா?

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மகளுக்கு அமெரிக்காவில் உங்கள் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையனோ பெயர்பெற்ற தனியார் கல்லூரிக்குப் போகிறான் என்பது ஒன்று. அவள் எடுக்கப்போகும் பயாலஜி சோறு போடுமா என்பது இன்னொன்று. முதல் கவலையைச் சுலபமாகத் தீர்த்துவிடலாம். இரண்டாவது கொஞ்சம் கசக்கும்.

அமெரிக்காவில் 2024-25இல் சொந்த மாநில மாணவருக்கு நான்காண்டு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் சராசரியாக ஆண்டுக்கு 11,610 டாலர். தனியாரில் 43,350. தங்குவதும் சாப்பாடும் தனி. நான்கு வருடத்துக்கு வித்தியாசம் ஏறக்குறைய 1,27,000 டாலர். தனியார் கல்லூரிகள் பலவும் அறிவித்த கட்டணத்தில் நிறையக் குறைத்துக் கொடுக்கும். ஆகவே உதவித்தொகை போக நம் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தும் அரசுப் பல்கலைக்கழகம் மலிவாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே சேருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே சராசரி 30,780 டாலர். பெயரில் மட்டும்தான் அரசு.

பெரிய பெயர் இல்லாவிட்டால் சம்பளம் குறையாதா? 2002இல் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், அந்தப் பெரிய கல்லூரிகளிலேயே படித்தவர்கள் அளவுக்கே பிற்காலத்தில் சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கூடுதலாக உதவியது. உங்கள் வீட்டு நிலைமை அதுவல்ல.

சரி, பயாலஜிக்கு வருவோம். நான்கு வருடப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் கிடைக்கிற வழக்கமான வேலை ஆய்வக டெக்னீஷியன். 2024 மே மாதக் கணக்கில் அந்த வேலையின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 52,000 டாலர்; அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிறார்கள். அது அனுபவசாலிகளையும் சேர்த்த எண். புதிதாகச் சேர்பவருக்கு அதைவிடக் குறையும். பயோடெக் வேலைகள் அதிகமுள்ள பாஸ்டனிலும் சான் டியாகோவிலும் வாடகையே பாதியை விழுங்கிவிடும். கம்ப்யூட்டர் படித்த உறவுக்காரப் பிள்ளையின் முதல் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. ஒப்பிடாதீர்கள்.

அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் அவளுடைய பல்கலைக்கழகத்தையும் பாடத்தையும் தேடினால், பட்டம் பெற்றவர்களின் சம்பளம் வரும். அதைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அரசின் நிதியுதவி பெற்று, அந்த ஆண்டு படிப்பில் இல்லாமல் வேலையில் இருப்பவர்களைத்தான் அது கணக்கில் எடுக்கிறது. மேற்படிப்பில் இருப்பவர்கள் அதில் இல்லை. பயாலஜி பட்டம் பலருக்கும் பாதி வழிதான். மீதிப் பயணம் எங்கே என்பதில்தான் பணம் இருக்கிறது. இளநிலையில் காசைக் கொட்ட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் அதனால்தான்.

மீதிப் பயணம் என்றாலே நம் வீடுகளில் டாக்டர்தான். ஆனால் டாக்டராவதற்கு அமெரிக்காவில் படிக்கும் எம்.டி. படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைக்கிறது. மருத்துவப் படிப்பு நான்கு வருடம், அப்புறம் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி குறைந்தது மூன்று வருடம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மத்திய அரசின் மாணவர் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. மிச்சத்துக்குக் குடும்பமோ தனியார் வங்கியோதான் கதி. அந்த நாளுக்காகக் கையிலிருப்பதை இப்போதே கரைத்துவிடாதீர்கள். இன்னொன்று, மருத்துவக் கல்லூரிக்குப் பயாலஜிதான் படித்திருக்க வேண்டும் என்று விதியே இல்லை. கேட்கும் பாடங்களை முடித்திருந்தால் போதும்.

டாக்டர் அல்லாத வழிகளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை, எனக்கோ அதைச் சொல்லத்தான் ஆசை. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம், திசு பரிசோதிப்பவர்களின் இடைநிலைச் சம்பளம் சுமார் 62,000 டாலர். இதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சியும் சான்றிதழ் தேர்வும் வேண்டும். சில அரசுப் பல்கலைக்கழகங்களில் இதைப் பட்டத்துக்குள்ளேயே முடிக்கலாம். மரபணு ஆலோசகர் ஆக முதுநிலைப் படிப்பு தேவை, ஆனால் சம்பளம் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். ஆராய்ச்சி ஆசை இருந்தால் நேரே பிஎச்.டி. போகலாம். உயிரியலில் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடியாகும், மாதப்படியும் கொடுப்பார்கள். முதுநிலைக்குப் பெரும்பாலும் நாம்தான் கட்ட வேண்டும். அதிக வருடம் ஆகும் படிப்பு மலிவாக இருப்பது விசித்திரம்தான்.

மகளிடம் நான் சொல்ல விரும்புவது இரண்டு. முதல் வருட வகுப்பில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பேராசிரியருக்கு அவள் முகம்கூடத் தெரியாது. பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் சொத்தே அதன் ஆய்வகங்கள்தான், ஆனால் அவை தானாக அழைக்காது. இரண்டாம் வருடத்துக்குள் ஏதாவது ஒன்றின் கதவைத் தட்டி உள்ளே போய்விட வேண்டும். அடுத்து, புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும். டிஎன்ஏ தரவை அலசத் தெரிந்தால் அவளுக்குத் திறக்கும் கதவுகளே வேறு.

கடன் விஷயத்தில், பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் தன் பெயரில் மத்திய அரசிடம் நான்கு வருடத்தில் வாங்கக்கூடியது 27,000 டாலர். இளநிலைக்கு அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டது, ஆனால் அரசின் கல்வி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் இன்னும் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சில மாநிலங்களில் முந்திக்கொண்டவர்களுக்குத்தான் பணம். இந்த வாரமே போட்டுவிடுங்கள். உதவித்தொகைக் கடிதங்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.