குளிர்நாட்டில் பாகலும் புடலையும்

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறோம். மே நடுவில் பாகல், புடலை விதைகளை நேராக மண்ணில் ஊன்றியபோது அவை அழுகிவிட்டன. வாங்கி நட்ட புடலைக் கன்று நிறையப் பூத்தும் பிஞ்சுகளெல்லாம் வெம்பி விழுந்தன. என்ன செய்யலாம்?

பதில்: விதைகள் அழுகியதற்கு மண்ணின் குளிர்ச்சியே காரணம். இவ்விரண்டும் நன்கு முளைக்க மண்ணில் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். உங்கள் ஊரில் மே நடுவில் உறைபனி பெரும்பாலும் நின்றுவிட்டாலும் மண் அந்தச் சூட்டை எட்டியிருக்காது. ஆகவே ஏப்ரல் நடுவிலேயே, தடித்த விதையோட்டின் ஓரத்தை நகவெட்டியால் சற்றே கிள்ளி, ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வீட்டுக்குள் ஊன்றுங்கள். வேர் கலைவதை இக்கொடிகள் தாங்கா என்பதால் மட்கும் தொட்டிகளே நல்லவை. ஒரு வாரம் பகலில் வெளியே வைத்துப் பழக்கிய கன்றுகளை, இரவுக் குளிர் தணிந்த ஜூன் தொடக்கத்தில், தெற்கு வெயில் விழும் சுவரோரம் தொட்டியோடு நடுங்கள்.

புடலையின் சிக்கல் வேறு. அதன் பூக்கள் அந்தியில் விரிந்து அந்துப்பூச்சிகளை நம்பியிருப்பவை. பகலில் வரும் தேனீக்களால் அவற்றுக்குப் பெரிய பயனில்லை. இருட்டத் தொடங்கும் வேளையில், கொத்தாகப் பூக்கும் ஆண் பூ ஒன்றைப் பறித்து, அடியில் மெல்லிய பிஞ்சுடன் தனித்து நிற்கும் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் முனையில்) அதன் மகரந்தத்தை நீங்களே தடவிவிடுங்கள். இதுதான் மிக முக்கியம். பாகல் காலையில் பூப்பதால் தேனீக்களே போதும். ஆகஸ்டு இறுதியில் கொடிநுனிகளைக் கிள்ளிவிட்டால், நிற்கும் பிஞ்சுகள் அக்டோபர் உறைபனிக்கு முன் பருக்கும்.