மில்லிங் செய்யாமல் தார் போட விடாதீர்கள்

வணக்கம். சென்னையில் உங்கள் தெரு வாசலைவிட ஒரு அடி உயர்ந்து மழைநீர் வீட்டுக்குள் வருகிறது, அடுத்த வாரம் மறுபடி தார் போடப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். போட்டுவிட்டால் யாரும் பெயர்க்க மாட்டார்கள், இப்போதே தடுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு (இதுதான் மில்லிங்), அதே மட்டத்தில்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதைச் சொல்லி வார்டு உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணிலும் பதியுங்கள். வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை இன்றே டேப் வைத்துப் படமெடுங்கள்.

அப்புறம், வடிகால் துளைகள். எங்கள் தெருவில் அவற்றின்மேலேயே தாரை ஊற்றிவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று கடப்பாரையால் குத்தித் திறந்தோம். ஆகவே வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.