மூத்தவனை விட்டுக்கொடுக்கச் சொல்லட்டுமா?

கேள்வி: என் இரண்டு மகன்களும் கார் ரேஸ் ஓட்டுகிறவர்கள். இருவருக்கும் எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார் பிரிவுதான். சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சின்னவன் முந்தப் போய், பெரியவன் வண்டியில் இடித்து, இரண்டு பேருமே டிராக்கை விட்டு வெளியே போனார்கள். மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. 'நீ அண்ணன், கொஞ்சம் விட்டுக்கொடு' என்று பெரியவனிடம் சொல்லட்டுமா? பெரியவனுக்காக 3 மா (சுமார் ஒரு ஏக்கர்) நஞ்சையை விற்றிருக்கிறோம்.
- ஒரு தாய், மன்னார்குடி பக்கம்

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. நம் பக்கம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம், இன்று உன் மடை, நாளை என் மடை. டிராக்கில் முறை கிடையாது. அண்ணன் மனசுக்குள் அரைகுறையாக விட்டுக்கொடுத்துக்கொண்டு வளைவுக்குள் போனால், விடுவானா மாட்டானா என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியாது, இன்னும் மோசமாக இடிப்பான். அதுவும் அந்தப் பிரிவில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி. தோற்றால் வண்டியைக் குறை சொல்ல முடியாது, தம்பி என்னைவிட நன்றாக ஓட்டினான் என்றுதான் அர்த்தம். பெரியவனுக்கு வலிப்பது இடித்தது இல்லை, இதுதான் என்று நினைக்கிறேன்.

தம்பி அண்ணனை முந்துவது குடும்பத்துக்குக் கேடு ஒன்றும் இல்லை. 2001இல் கனடாவில் ரால்ஃப் ஷூமாக்கர் முதலில் வர, அண்ணன் மைக்கேல் இரண்டாவதாக வந்தார். ஃபார்முலா 1இல் அண்ணன் தம்பி முதல் இரண்டு இடத்தைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் அப்போதே மூன்று முறை உலக சாம்பியன்! இடித்துக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் நாஸ்கார் என்ற கார் ரேஸ் ஓட்டிய அண்ணன் தம்பி கர்ட் புஷ், கைல் புஷ் 2007 மே மாதம் ஒரு போட்டியில் மோதி இருவருமே வெளியேறினார்கள், மாதக்கணக்கில் பேசவில்லை. நவம்பரில் பண்டிகை விருந்துக்குக் குடும்பம் கூடியபோது அவர்கள் பாட்டிதான் பேச வைத்தார். கவனியுங்கள், டீம் மேனேஜர் இல்லை, பாட்டி.

யார் தப்பு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லவே வேண்டாம், அதற்கு அங்கே ஸ்டூவர்டுகள் (போட்டி நடுவர்கள்) இருக்கிறார்கள். வீடியோவை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். (அப்பாவும் பார்க்க வேண்டாம், அவர் ஒரு பக்கம் சாய்வார், எல்லா அப்பாக்களும் சாய்வார்கள்.)

உங்கள் வேலை அந்த நஞ்சை. 'பெரியவனுக்காக' என்று எழுதியிருக்கிறீர்கள், சின்னவன் காதில் அது எத்தனை தடவை விழுந்திருக்கும்? அவனுக்கு டயருக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் யார் கொடுத்தார்கள்? இரண்டு பேரையும் உட்கார வைத்து, யாருக்கு எவ்வளவு போனது, மிச்சம் இருக்கும் நிலத்தில் யாருக்கு என்ன என்று ஒரு நோட்டில் எழுதிக் காட்டிவிடுங்கள். பாதிக் கோபம் அங்கேதான் இருக்கும். ஒரே டீமில் இருந்தால் அடுத்த சீசனுக்கு வேறு வேறு டீம் பார்க்கட்டும், ஒரே மெக்கானிக்கை இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அப்புறம், அடுத்த ரேஸுக்கு இரண்டு பேரும் ஒரே காரில்தான் ஊரிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். கும்பகோணம் தாண்டி அணைக்கரை வரைக்கும் பேச மாட்டார்கள். பண்ருட்டிக்குள் யார் ஓட்டுவது என்று சண்டை வந்துவிடும்.