மொஹாவி பாலைவனத்துக் காம்புக் கற்கள்: கேள்வி பதில்

மாமனார் கலிஃபோர்னியாவில் இருந்தபோது சேர்த்து வைத்த கற்களில் இது ஒன்று. கறுப்பு பசால்ட் என்ற எரிமலைப் பாறை, மூன்று அங்குலம். முனை குட்டை, அடி நீளம். உடைந்த கல்லா சார்?

உடையவில்லை அம்மா, முழுசாகவே இருக்கிறது. பழங்கால மக்கள் செதுக்கிக் கோலின் நுனியில் கட்டிய கல்முனை இது. படத்தைப் பார்த்தால் 'லேக் மொஹாவி' வகை. கோலில் கட்டும் அடிப்பகுதியைக் காம்பு என்போம், அதற்கு மேலே கல் அகலும் இடத்தைத் தோள் என்போம். இதில் காம்பு நீளமாகக் குறுகிக்கொண்டே போய் உருண்டையாக முடியும். தோள் லேசாகத்தான் தெரியும். கோலில் கட்டியபடியே முனையைத் திரும்பத் திரும்பத் தீட்டுவார்கள். அதனால் முனை தேய்ந்து குட்டையாகும், கட்டுக்குள் இருக்கும் காம்பு அப்படியே நிற்கும். ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேலே ரம்பம் போல் பிடிக்கும், காம்புக்கு வந்ததும் வழுக்கும். கட்டிய நரம்பு அறுந்துபோகாதிருக்க வேண்டுமென்றே அரைத்த இடம் அது. கல்லைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது அதைத்தான். காம்பு குட்டையாகவும் தோள் தெளிவாகவும் இருந்தால் 'சில்வர் லேக்' வகை. இரண்டையும் 1930களில் தொல்லியலாளர் எலிசபெத் கேம்ப்பெல் குழுவினர் வறண்ட ஏரிக்கரைகளில் ஆராய்ந்து, 1937இல் வெளியிட்டார்கள்.

கத்தியா, ஈட்டிமுனையா?

ஒரே கல் இரண்டு வேலையும் செய்திருக்கலாம். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருந்து, ஒரு ஓரம் மட்டும் அதிகம் தீட்டப்பட்டிருந்தால் கத்தி என்பேன். நுனியிலிருந்து அடி நோக்கி நீளமாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் எதிலோ வேகமாக மோதியிருக்கிறது. அது எறிந்த முனை. உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

வயது எப்படித் தெரியும் அண்ணா? கார்பன் சோதனை செய்யலாமா?

கல்லுக்கு அது உதவாது தம்பி. கூடக் கிடைத்த கரியிலோ எலும்பிலோதான் செய்ய முடியும். மொஹாவியில் இந்த வகைகள் 8,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. சில 10,000ஐயும் தாண்டும். அடி உள்வாங்கியிருந்தால் பின்னால் வந்த 'பின்டோ'. காம்பு சட்டென்று கூராகக் குறுகினால் அதற்கும் பிந்திய 'ஜிப்சம்' வகையா என்று பாருங்கள். ஆப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியாக இருந்தால் எந்த எரிமலையின் கல் என்று எக்ஸ்-ரே சோதனை சொல்லிவிடும். கலிஃபோர்னியாவின் கோசோ மலைக் கல் இந்தப் பக்கம் நிறையவே வரும்.

கிளோவிஸ் முனையோடு குழம்புகிறது.

கிளோவிஸ் என்பது வட அமெரிக்காவின் இன்னொரு பழைய கல்முனை வகை. அதில் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு பள்ளம் ஓடும், காம்பு இருக்காது. காம்பு முனைகள் கிளோவிஸுக்குப் பிறகுதான் வந்தன என்று நெடுநாள் நம்பினார்கள். ஆரிகனின் பெய்ஸ்லி குகைகளில் கிளோவிஸ் காலத்திலேயே அவை இருந்தது தெரிந்தது. ஐடஹோவின் கூப்பர்ஸ் ஃபெரியில் கிடைத்த முனைகளுக்கு ஏறத்தாழ 15,700 ஆண்டு, அதாவது கிளோவிஸுக்கும் முந்தியவை என்று 2022இல் அறிவித்தார்கள்.

இணையத்தில் வாங்கலாமா?

வேண்டாம். போலிகள் மலிந்த சந்தை. அசலாகவே இருந்தாலும், எங்கே கிடந்தது என்று தெரியாத கல் பாதி ஊமை. மாமனார் கற்களைக் கேட்ட அம்மாவுக்கும் இதையே சொல்கிறேன்: எந்த ஏரிக்கரை, எந்த வருடம் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் இன்றே சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள்.

நடைபயணத்தில் கண்ணில் பட்டால்?

பக்கத்தில் அளவுகோல் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள், ஜிபிஎஸ் இடத்தைக் குறியுங்கள், கிடந்த இடத்திலேயே கிடந்தபடி வைத்துவிடுங்கள். மொஹாவியில் பெரும்பகுதி அரசு நிலம். அங்கிருந்து எடுத்து வருவதற்கு அனுமதியில்லை. படத்தை அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துத் தொல்லியலாளருக்கு அனுப்புங்கள்.